சாப்பாட்டுக் கடையில் ஒரு பட்டினி

சாப்பாட்டுக் கடை நடத்துகிறவன் யாரையும் முழுசாகப் பார்த்து வழியனுப்பி வைப்பதில்லை. கண் அடுப்பில் இருக்கும், காது வாசலில் இருக்கும், போகிறவர்கள் போய்விடுவார்கள். என் மனைவி ரோசம்மாவை நான் கடைசியாக நடமாடப் பார்த்ததும் அப்படித்தான். பெரிய வெள்ளிக்கிழமை காலை. மாதா கோவில் முற்றத்தில் பெரிய அண்டாவில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். மலை ஏறிச் சிலுவைப்பாதை செய்துவிட்டு இறங்குகிற எல்லாருக்கும் அன்று கஞ்சியும் பயறும் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ரோசம்மா வெள்ளைச் சேலையில் பெண்கள் வரிசையின் கடைசியில் நின்று, செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். "பயறு அடிப்பிடிக்கிற வாசம் வருது பாருங்க" என்றாள். நான் பயற்றுப் பானைப் பக்கம் திரும்பினேன். அடிப்பிடிக்கவில்லை. நிமிர்ந்தபோது வரிசை தேயிலைக்குள் ஏறி மறைந்திருந்தது.

கேரளத்து இடுக்கி மலையில், ஏலப்பாறைக்குக் கீழே எஸ்டேட் ரோட்டில் எங்கள் கடை. பரோட்டாவும் பீஃபும் என் பொறுப்பு. மீன்குழம்பும் பேச்சும் அவள் பொறுப்பு. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேரிடமாவது ஒரு டாக்டர் "எடையைக் குறை" என்று சொல்லியிருப்பார். மீதிப் பேரின் வீட்டில் வேறு யாரிடமாவது சொல்லியிருப்பார். கேட்பதா வேண்டாமா என்று நீங்களும் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பீர்கள். நாங்கள் உடைத்துக்கொண்ட விதத்தை எழுதுகிறேன். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன். பொட்டலம் கட்ட வந்த பழைய பேப்பரைப் படித்துப் படித்து எழுத்துப் பழகியவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றில் ஒரு பந்து

ரோசம்மாவுக்குக் குடலிறக்கம். எங்கள் மகள் பிரின்சியை ஆபரேஷன் செய்து எடுத்தபோது போட்ட தையல், வருஷம் போகப் போகத் தளர்ந்துவிட்டது. இருமினால் அடிவயிற்றில் ஒரு பந்து துருத்தும். படுத்தால் உள்ளே போய்விடும். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு குழம்பு ஊற்றுவாள். கடைக்கு வருகிறவர்கள் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் அந்தப் பந்து உள்ளே போக மறுத்தது. தரையில் புரண்டு துடித்தாள். ஜீப்பில் தூக்கிப் போட்டு மலையிறங்கினோம். கீழே ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் கை வைத்து மெல்ல அழுத்தி அழுத்தி உள்ளே அனுப்பினார். மலையாளத்துக்காரர். தோட்டத்து ஜனங்களைப் பார்த்துப் பார்த்துத் தமிழ் பழகியவர். இன்னொரு தடவை இப்படிச் சிக்கினால் குடல் அழுகிவிடும், உயிரோடு விளையாட்டு, ஆபரேஷன் கட்டாயம் என்றார். ஆனால் நூற்றுப் பதினாறு கிலோவோடு ஆபரேஷன் டேபிளில் படுக்க வைக்க முடியாது என்றும் சொன்னார். மயக்க மருந்தும் ஆபத்து, தையலும் நிற்காது.

அதற்கு ஒரு வழி சொன்னார். எட்டு வாரம். நாளைக்கு எண்ணூறு கலோரி, அதற்கு மேல் கிடையாது. நான்கு வேளையும் ஒரு பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும், கூடவே எண்ணெய் படாத காய்கறி கொஞ்சம். சோறு, கப்பைக்கிழங்கு, பரோட்டா எதுவும் கூடாது. மூன்று நிபந்தனை போட்டார். சர்க்கரை மாத்திரையைப் பாதியாக்கி, கால் வீக்கத்துக்கான மாத்திரையை நிறுத்த வேண்டும். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். தலை சுற்றினால், கால் இழுத்தால், நெஞ்சு படபடத்தால் அந்த நிமிஷமே டயட்டை நிறுத்திவிட்டு அவரிடம் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் முடியாதென்றால் டயட்டே வேண்டாம், மெதுவாகக் குறைக்கிற வேறு வழி பார்க்கலாம் என்றார். ரோசம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். பிரின்சி அப்போது முழுகாமல் இருந்தாள், ஈஸ்டருக்குப் பிறகு பிரசவம். ஆபரேஷன் முடிந்தால் பேரப்பிள்ளையைத் தூக்கலாமா என்று கேட்டாள். இப்போது ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்பது உத்தரவு. டாக்டர் சிரித்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தார்.

"எனக்கு இந்த ஆபரேஷன் ஒரு மணி நேர வேலதான் அம்மே. அது கழிஞ்சு நீங்க எழுந்து நடக்கணும், பிள்ளையைத் தூக்கணும், அதுக்குத்தான் இத்தன பாடு."

எல்லாரும் டாக்டர்

சாப்பாட்டுக் கடைக்காரனுக்கு ஒரு சாபம் உண்டு. வீட்டு விஷயம் மேசைக்கு வந்துவிடும். மறுநாள் காலைக்குள் ரோசம்மாவின் எண்ணூறு கலோரி எஸ்டேட் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒருவர் தேன் தண்ணீர் என்றார். ஒருவர் கொள்ளு என்றார். ஏலக்காய்த் தோட்டத்து மேஸ்திரி ஒருவர், பொடியைக் குடித்த தன் மைத்துனன் தலைமுடி கொட்டி மொட்டையானதைச் சொல்லிவிட்டு இன்னொரு பரோட்டா கேட்டார். எண்ணூறு கலோரி என்றால் எவ்வளவு என்று ஒருவர் கேட்க, அவர் முன்னால் இருந்த இலையைக் காட்டினேன். இரண்டு பரோட்டாவும் ஒரு பீஃப் வறுவலும். ஒரு நாள் முழுக்க அவ்வளவுதானா என்று எல்லாரும் அந்த இலையையே பார்த்தார்கள்.

ஜீப் ஓட்டுகிற முருகன்தான் கேட்டான். எங்கள் கடையில் அதிகம் தின்கிறவனும் அவன்தான், ரோசம்மாவிடம் அதிகம் திட்டு வாங்குகிறவனும் அவன்தான்.

"அண்ணாச்சி, சாப்பாட்டுக் கடைக்காரர் சம்சாரமே சாப்பிடுறதில்லன்னு வெளிய தெரிஞ்சா, நம்ம குழம்புல என்னமோ இருக்குன்னுல்ல நெனப்பாங்க?"

சம்பந்தியம்மா வந்தது

பிரின்சி தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்ட பையன் பாலக்காட்டுப் பக்கம் வடகரப்பதிக்காரன். வெள்ளாமைக் குடும்பம். அவன் அம்மாவுக்கு எங்கள் மலைக்குளிரும் பிடிக்காது, எங்கள் மாட்டிறைச்சிக் கடையும் பிடிக்காது. ஆனால் மருமகளைப் பெற்றவளுக்கு உடம்பு சரியில்லை என்றதும் பஸ் மாறி மாறி வந்து இறங்கிவிட்டார். ஒரு சாக்கு நிறைய ராகி மாவு, நிலக்கடலை, தேங்காய், தூக்குப் போசியில் நெய். டாக்டர் சொன்னதை நான் விளக்கிச் சொல்லச் சொல்ல, அவர் நெய்ப் போசியை மெல்ல மேசைக்கு அடியில் நகர்த்தினார். பிறகு மறுபடி மேலே எடுத்து வைத்தார்.

"ஏனுங்க சம்பந்தி, நெசமாலுமே சோறே கெடையாதுங்களா?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். ரோசம்மா பக்கம் திரும்பி, "பேரன் பொறந்தாத் தூக்கோணும்ங்கறீங்க. தூக்கறதுக்குக் கையில தெம்பு வேண்டாமுங்களா?" என்றார். அன்று முழுக்க அந்தக் கேள்வி அவளைக் குடைந்தது எனக்குத் தெரிந்தது. வெங்காயம் நறுக்கும்போது இரண்டு தடவை நிறுத்திவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். ஊருக்குப் புறப்படும்போது சம்பந்தியம்மா வாசலில் நின்று கடைசியாக ஒன்று சொன்னார்.

"எங்கூட்டு எருமை செனையா இருக்குதுங்க. அதுக்கு ஒரு வேளை தவுடு கொறைச்சா அக்கம்பக்கத்துல என்னையக் கேப்பாங்க. உங்க டாக்டர ஒருத்தரும் கேக்க மாட்டாங்களா?"

சாம்பல் புதன்

ஒரு மாதம் இழுத்தடித்தாள். பொடி டப்பாக்கள் வாங்கி வந்து அலமாரியில் இருந்தன. திறக்கவில்லை. டாக்டர் சொன்னது சரி என்று ஒரு நாள், சம்பந்தியம்மா சொன்னது சரி என்று மறுநாள். அப்புறம் திடீரென்று, "தவக்காலம் தொடங்கட்டுங்க, அன்னைக்கே நானும் தொடங்கிருதேன்" என்றாள். எனக்குச் சந்தோஷம். ஒருசந்தி இருப்பது அவளுக்குப் புதிதில்லை. ஏழு வயசில் தொடங்கியது. கொழுந்து கிள்ளப் போன காலத்திலும் தவக்காலம் முழுக்க, ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது நாளும், ஒரு நேரச் சாப்பாட்டோடு மலையேறி இறங்கியவள். டாக்டர் சொன்ன டயட் அவளுக்கு அன்னியமாக இருந்தது. ஒருசந்தி என்று பெயர் வைத்துக்கொண்டதும் வீட்டுச் சாமான் மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் எங்கள் ஜனங்களின் ஒருசந்திக்கு இரண்டு விதி உண்டு. ஒன்று, பசி முகத்தில் தெரியக் கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, சிரித்த முகமாக இருக்க வேண்டும். வலிக்கிறது என்று வாய் திறந்து சொன்னால் அன்றைய பலன் போயிற்று. இன்னொன்று, எதற்காவது நேர்ந்துகொண்டு இருந்தால் நடுவில் விடக் கூடாது. விட்டால் யாருக்காக நேர்ந்தோமோ அவர்களுக்கு ஆகாது. இந்த இரண்டும் டாக்டருக்குத் தெரிய வழியில்லை. தவக்காலத்தின் முதல் நாள், நெற்றியில் சாம்பலோடு கோவில் வாசலில் நின்று, பிரின்சிக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று இந்தப் பட்டினியை நேர்ந்துகொண்டதாக ரோசம்மா உபதேசியாரிடம் சொன்னாள். பங்குச் சாமியார் வராத ஞாயிறுகளில் எங்களுக்கு ஜெபம் நடத்துகிறவர் அவர். நல்ல மனுஷன். சந்தோஷப்பட்டு அவள் தலையில் கை வைத்தார்.

"நேர்ந்தது நேர்ந்ததுதான் ரோசம்மா. உயிர்ப்பு ஞாயிறு மணி அடிக்கிற வரைக்கும் நடுவுல எறங்கிராத."

ஞாயிறு

முதல் வாரம் எடை அவ்வளவாகக் குறையவில்லை. டாக்டருக்கு ஆச்சரியம். பொடி சரியாகக் குடிக்கிறாளா என்று என்னைக் கேட்டார். நானே கலக்கிக் கொடுக்கிறேன் என்றேன். வேகவைத்த கோஸும் பீன்ஸும் மட்டும்தானா? மட்டும்தான். மாத்திரை? நானே கத்தியால் பாதியாக்கிக் கொடுக்கிறேன். அப்போது ரோசம்மா ஒன்றும் தெரியாத குழந்தை மாதிரி, "ஞாயித்துக்கெழம மட்டும் சோறு தின்னேன்" என்றாள். எவ்வளவு என்று டாக்டர் கேட்டார். சோறு, நெய்மீன் குழம்பு, கப்பை, அப்புறம் பக்கத்து லயத்து வீட்டில் ஒரு ஞானஸ்நானம், அங்கே பிரியாணி.

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஒரு நாள் இப்படி, ஆறு நாள் அப்படி என்றால் உடம்பு குழம்பிப்போகும், அது ரொம்ப ஆபத்து, ஞாயிறும் திங்களும் எல்லாம் ஒன்றுதான் என்று சத்தம் போட்டார். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ரோசம்மா அசரவில்லை.

"ஆண்டவர் உயிர்த்த நாளு டாக்டரம்மா. அன்னைக்கு ஒருசந்தி இருந்தாத்தான் பாவம்."

உப்பு

அதன் பிறகு ஞாயிறையும் சேர்த்துக்கொண்டாள். உபதேசியாரைக் கேட்டு, மருந்துக்காக என்றால் பாவமில்லை என்று அனுமதி வாங்கினாள். அப்புறம் அவள் பிடித்த பிடி எனக்கே பயமாக இருந்தது. மீன்குழம்பு கொதிக்கும்போது கரண்டியால் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள், அதுதான் எங்கள் கடையின் ருசி. அதையும் நிறுத்தினாள். அந்தச் சொட்டும் கணக்குத்தானே என்றாள். நான் ருசி பார்த்தால் எனக்கு எல்லாம் சரியாகத்தான் படும்; பீஃப் கை என்னுடையது. ஒரு நாள் உப்பு கூடும், ஒரு நாள் உப்பே இருக்காது. வழக்கமாகத் தவக்காலத்தில் பீஃப் படுத்துவிடும், மீன்தான் கடையைத் தாங்கும். அந்த வருஷம் மீனும் தடுமாறியது.

ஆனால் எடை இறங்கியது. ரவிக்கை தொளதொளத்தது. படியேறி வந்தால் மூச்சு வாங்கவில்லை. மூன்றாவது வெள்ளி டாக்டர் முகம் மலர்ந்து, ஈஸ்டர் கழிந்த இரண்டாம் வாரம் ஆபரேஷன் என்று நாள் குறித்தார். ரத்தத்தில் ஏதோ ஒரு சத்து லேசாக இறங்குகிறது, அதனால் அடுத்த வெள்ளி எக்காரணம் கொண்டும் தவறக் கூடாது என்று மருந்தும் எழுதிக் கொடுத்தார். அந்த வாரம் கடையில் ரோசம்மா பாட்டுப் பாடிக்கொண்டு பரிமாறினாள். முருகன் குழம்பில் விரலை விட்டு நக்கிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"நீங்க ஒருசந்தி இருங்க அக்கா, வேண்டாங்கல. எங்க நாக்கையும் சேத்து ஏன் ஒருசந்தி போடுறீய?"

வெள்ளிக்கிழமை ஃபோன்

அடுத்த வெள்ளி போகவில்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கோவிலில் சிலுவைப்பாதை. ஆஸ்பத்திரிக்குப் போனால், திரும்பும் பஸ் ஊர் வந்து சேர்வதற்குள் அது முடிந்துவிடும். முதல் மூன்று வாரம் தவறவிட்டதே அவளுக்கு உறுத்தல். நேர்ந்துகொண்டு இருக்கிறவள் சிலுவைப்பாதைக்கு வராமல் ரத்தம் கொடுக்கப் போனால் என்ன நேர்ச்சை என்று கேட்டாள். சனிக்கிழமை போகலாம் என்றேன். சனிக்கிழமை அந்த டாக்டர் கிடையாது. திங்கள் போகலாம் என்றேன். திங்கள் கடையில் சரக்கு இறங்கியது. அடுத்தடுத்த வெள்ளிகளும் அப்படியே போயின.

அதன் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் ஃபோன் செய்வார். ஒவ்வொரு வெள்ளியும் ஒரே கேள்விகள். தலை சுற்றுகிறதா, கால் இழுக்கிறதா, நெஞ்சு படபடக்கிறதா. ரோசம்மா ஃபோனைக் காதில் வைத்ததும் முகத்தைத் துடைத்துக்கொள்வாள், எதிரில் ஆள் நிற்கிற மாதிரி. ஒருநாள் பேசும்போது இடது கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்கள் வெளுத்திருந்தன. நான் என்ன என்று சைகையால் கேட்டேன். கண்ணால் சிரித்துவிட்டு, போய்ப் பரோட்டாக் கல்லைப் பாருங்கள் என்பது போலத் தலையை ஆட்டினாள். மதியக் கூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது. அவள் ஃபோனில் சொன்னது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஒண்ணுமே இல்ல சிஸ்டர், பூ மாதிரி இருக்கேன்."

பெரிய வெள்ளி

அன்று கஞ்சிக்கு எல்லாம் தயார். துவையலும் அரைத்தாயிற்று. மலைமேலிருந்து பாட்டு காற்றோடு வரும், போகும். சிலுவைப்பாதையில் ஒவ்வொரு தலமாகக் கூட்டம் நின்று முழங்காலிட்டு எழும்போது வெள்ளை வெள்ளையாகத் தெரியும். ஒரு இடத்தில் அந்த வெள்ளை எழவில்லை. பாட்டும் நின்றது. பனி இறங்கியதால் எனக்கு அப்படித் தோன்றுகிறது என்று நினைத்து அகப்பையைப் போட்டுக் கிண்டினேன்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் மட்டும் தனியாக இறங்கி வந்தாள். கொழுந்து கிள்ளுகிறவள், சரிவில் ஓடத் தெரிந்தவள், அன்றைக்கு ஓடவில்லை. முற்றத்தில் நின்ற யாரையும் பார்க்காமல் நேராக என் அண்டாவுக்கு முன்னால் வந்து நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, சாதாரணமாகச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அண்ணே, அடுப்ப அணச்சிட்டு வாங்க."

டாக்டர் கேட்டது

முருகன் ஜீப்பை எப்படி ஓட்டினான் என்று எனக்கு நினைவில்லை. பாதி மலையிலேயே அவள் கை என் கைக்குள் சில்லிட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் விடுமுறை நாளென்றும் பார்க்காமல் வந்தார். வெகு நேரம் முயற்சி செய்துவிட்டு வெளியே வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். இருதயத் துடிப்பு தப்பியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எப்போதிலிருந்து தலை சுற்றல் இருந்தது என்று கேட்டார். இல்லை என்றேன். ஃபோனில்கூட ஒன்றுமில்லை என்று சொன்னாளே என்றேன். அப்போது பாக்கியம் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். பத்துப் பன்னிரண்டு நாளாக ரோசம்மாவுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டிருந்ததாம். தண்ணீர்க் குழாயடியில் இரண்டு தடவை கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாளாம். அன்று காலை பொடியும் குடிக்கவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. பெரிய வெள்ளியாயிற்றே. "சொன்னா பலன் போயிரும், பிரின்சிக்கு ஆகாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா டாக்டரம்மா" என்றாள்.

டாக்டருக்கு அது விளங்க நேரம் பிடித்தது. பாக்கியத்தை மறுபடி சொல்லச் சொன்னார். ஒருசந்தி என்றால் என்ன, நேர்ந்துகொள்வது என்றால் என்ன, ஏன் சொல்லக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். என்னைவிட இருபது வயசாவது சின்னவர். என்னிடம் கோபப்படுகிற மாதிரியும் கெஞ்சுகிற மாதிரியும் இருந்தது.

"நான் அவங்களப் பட்டினி கெடக்கச் சொல்லல சேட்டா. கொஞ்சமாச் சாப்பிடுங்க, எல்லாம் எங்கிட்ட சொல்லுங்கன்னுதான் சொன்னேன்."

சுகப்பிரசவம்

ஈஸ்டர் கழிந்து மூன்றாம் வாரம் பிரின்சிக்குப் பெண் பிறந்தது. சுகப்பிரசவம். தாயும் பிள்ளையும் நலம் என்று மாப்பிள்ளை ஃபோன் செய்தபோது கடையில் நான் மட்டும் இருந்தேன். செய்தி கேட்டு உபதேசியார் வந்தார். ஒரு கட்டன் சாயா போட்டு அவர் முன்னால் வைத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. பாசாங்கு தெரியாத மனுஷன், அவர் என் தோளில் கை வைத்துச் சொன்னதும் மனசாரச் சொன்னதுதான். அதற்கு எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. உங்களில் யாருக்காவது கிடைத்தால் சொல்லுங்கள்.

"பாத்தியா அந்தோணி, ரோசம்மா நேர்ந்தது பலிச்சிருச்சு."

முருகனின் சந்தேகம்

போன மாதம் முருகனுக்கும் டாக்டர் அதே பொடியை எழுதியிருக்கிறார். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. எட்டு வாரம், எண்ணூறு கலோரி, வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை. கேட்கலாமா அண்ணாச்சி என்று என்னிடம் வந்து நின்றான். வேறு யாரிடமும் கேட்காமல் என்னிடம் கேட்கத் தோன்றியிருக்கிறது பாருங்கள். கடையில் கூட்டம் இல்லை. அவனை உட்கார வைத்து, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். டாக்டர் சொன்னால் கேள், ஆனால் முழுசாகக் கேள். ரத்தம் கொடுக்கச் சொன்ன நாளில் ஜீப்பை நிறுத்திவிட்டுப் போய்க் கொடு. தலை சுற்றினால் சுற்றுகிறது என்று சொல். கால் இழுத்தால் இழுக்கிறது என்று சொல். முடியவில்லை என்றால் முடியவில்லை என்று அழு, ஒன்றும் குறைந்துபோகாது. இதையெல்லாம் செய்ய முடியாதென்றால் பொடி டப்பாவைத் திறக்காதே, அதையும் டாக்டரிடமே போய்ச் சொல், மெதுவான வழி வைத்திருப்பார்.

முருகன் கவனமாகக் கேட்டான். தலையைத் தலையை ஆட்டினான். அவன் ரோசம்மாவைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கியவன். அந்தப் பெஞ்சில் பாக்கியம் பேசியதை என்னோடு நின்று கேட்டவன். விளங்கியிருக்கும் என்றுதான் நினைத்தேன். எழுந்து ஜீப் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வாசல் வரை போனவன், ஒரு சந்தேகத்தோடு திரும்பினான்.

"தல சுத்துதுன்னு சொன்னா பாதில நிறுத்திப்புடுவாகளே அண்ணாச்சி, எம் பொண்டாட்டி சிரிக்க மாட்டாளா?"

நாங்கள் இருவர் நடத்திய கடையில் இப்போது இரவு மிஞ்சுவதைச் சாப்பிட நான் ஒருவன்தான், என் எடை தொண்ணூற்றாறு கிலோ.